மேட்சன் எம்47: இந்தத் துப்பாக்கியை யாருக்காகத்தான் செய்தார்கள்?

#1 வடகடல்

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இது இரண்டாம் தரம். இருப்பது டென்மார்க், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். துப்பாக்கியைத் ‘துவக்கு’ என்று எழுதிவிட்டால் மன்னியுங்கள், கை பழகிவிட்டது.

போன சனிக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு கோபன்ஹேகன் போர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மன்னர் நான்காம் கிறிஸ்தியான் கட்டுவித்த பழைய ஆயுதக் கிடங்கு அது. கீழ்த்தளத்துப் பீரங்கி மண்டபத்தில் ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் நிற்கிறவரின் முகம் தெரியாது, அவ்வளவு நீளம். மகனுக்குப் பீரங்கி போதும். நான் மேட்சன் இயந்திரத் துவக்கின் முன்னால் நின்றுவிட்டேன். மேலே வளைந்த மேகசின், பின்னால் கட்டை. 1902-இல் வந்ததாம்.

வீட்டுக்கு வந்து அந்தக் கம்பெனியைப் பற்றித் தேடினால் ஒரு விசித்திரம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947-இல், இவர்கள் எம்47 என்று புதிதாக ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வடிவமைத்திருக்கிறார்கள். கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு குண்டாகச் சுடுகிற வகை. அமெரிக்கன் கேரண்ட் என்ற பாதித் தானியங்கி ரைபிளை வைத்துக்கொண்டு போர் முழுக்கச் சுட்டுத் தீர்த்த பிறகு! டென்மார்க் ராணுவத்துக்கும் இல்லை, வெளிநாட்டுக்கு விற்க மட்டும். வாங்கியது ஒரே ஒரு நாடு, கொலம்பியா.

எனக்கு விளங்காதது இதுதான். நூற்றாண்டு அனுபவம் உள்ள கம்பெனி இல்லை என்றாலும் அரை நூற்றாண்டு ஆயுதம் விற்றவர்கள். இப்படி ஒரு கணக்கை எப்படித் தப்பாகப் போட்டார்கள்?

(மேட்சன் என்று நாம் எழுதுகிறோம். இங்கே ‘மாஸன்’ என்கிறார்கள். நடுவில் இருக்கும் டகரம் டேனிஷ்காரர் வாயில் வராது.)

#2 பழைய இரும்பு

வாங்க வடகடல். இரண்டாவது பதிவிலேயே நல்ல இழை.

பின்கதையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி 1900-இல் தொடங்கியது. மேட்சன் என்ற பெயர், அடுத்த வருடம் டேனிஷ் போர் அமைச்சரான வில்ஹெல்ம் மேட்சனுடையது. ஆயுத வடிவமைப்பில் அவருக்கே கை உண்டு. 1930-களில் டான்ஸ்க் இண்டஸ்ட்ரி சிண்டிகாட் என்று பெயர் மாறியது. அந்த லைட் மெஷின் கன் உலகத்தில் முதல் முதலாகப் பெருமளவில் விற்ற அந்த வகை ஆயுதம். ரஷ்ய–ஜப்பான் போரில் ரஷ்யர்கள் பயன்படுத்தினார்கள். அப்புறம் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் வாங்கின. பிரேசிலில் ரியோ போலீஸ் இந்த நூற்றாண்டிலும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது.

அதாவது இவர்கள் வியாபாரமே ஏற்றுமதிதான். டென்மார்க் சின்ன நாடு. சொந்த ராணுவத்தை நம்பி ஒரு ஆயுதத் தொழிற்சாலை பிழைக்காது. லத்தீன் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் நிறைய வாடிக்கையாளர்கள். 1947-இல் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் வீட்டைப் பாருங்கள்: முதல் உலகப் போர்க் காலத்து மவுசர்கள் (ஜெர்மன் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்), குழல் தேய்ந்தவை, ஒவ்வொன்றும் சுமார் நாலு கிலோ. அதை மாற்ற வேண்டும், ஆனால் தானியங்கி வாங்கக் காசில்லை, பழுது பார்க்க ஆளில்லை. அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் எம்47.

துப்பாக்கியும் மோசம் இல்லை. எடை சுமார் 3.65 கிலோ. உள்ளே 5 குண்டு. குழல் முனையில் பின்னுதையைக் குறைக்க ஒரு பிரேக், பின்கட்டையில் ரப்பர் பட்டை. அன்றைக்கு ராணுவத் துப்பாக்கியில் ரப்பர் பட்டை என்பது ஆடம்பரம். 6.5, 7, 7.65, 7.92 மில்லிமீட்டர், அமெரிக்க ராணுவத்தின் வலுவான .30-06 என்று எந்தத் தோட்டா கேட்டாலும் அதற்கேற்பச் செய்து தருவதாகச் சொன்னார்கள்.

கேட்க ஆள் வரவில்லை. 1958-இல் கொலம்பியா .30-06-இல் 5,000 வாங்கியது. அவ்வளவுதான் கதை.

#3 சும்மா_படிப்பவன்

பதினோரு வருஷம் கடை விரித்து ஒரே ஒரு ஆள் வந்தாரா. எங்கள் தெரு சலூன் தேவலாம்.

#4 நூலகப்பூனை

இரும்பு அண்ணா, ‘குள்ளமான சிப்பாய்களுக்காக’ என்று இந்தத் துப்பாக்கியைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஐரோப்பியருக்குச் செய்த மவுசர் மற்றவர்களுக்கு நீளம், எடை அதிகம், அதனால் சிறிய உடம்புக்காரர்களுக்கு என்று ஒரு லேசான துப்பாக்கி. படித்தவுடன் எரிச்சல்தான் வந்தது. கூர்க்காக்கள் ஒன்றரை நூற்றாண்டாக எந்தத் துப்பாக்கியைத் தூக்கிச் சண்டை போட்டார்களாம்?

அதைவிடச் சிரிப்பு, சிறிய உடம்புக்காரருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே வைத்தது .30-06. எடையைக் குறைத்தால் உதை கூடும், இது பள்ளிக்கூட இயற்பியல். அதைச் சமாளிக்கத்தான் பிரேக்கும் ரப்பரும். முதலில் பிரச்சினையை உண்டாக்கி, அப்புறம் மருந்து தடவுவது.

#5 பழைய இரும்பு

விடவில்லை, நீங்கள் வருவீர்கள் என்று வைத்திருந்தேன் :)

தோட்டாவைத் தேர்ந்தது வாங்குகிறவன், அதை மறக்கக் கூடாது. கொலம்பியாவின் கிடங்கில் அமெரிக்க .30-06 குவிந்து கிடந்தது. கொரியப் போருக்குப் படை அனுப்பிய ஒரே லத்தீன் அமெரிக்க நாடு கொலம்பியா. 1951-இல் போன அவர்களுடைய படைப்பிரிவு அமெரிக்க ஆயுதங்களோடு சண்டை போட்டது. வீட்டில் இருந்த பழைய 7 மி.மீ. மவுசர்களைக்கூட .30-06-க்கு மாற்றினார்கள். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலையிலிருந்து அதே தோட்டாவுக்கான மவுசர்களும் வாங்கினார்கள். அந்த வரிசையில்தான் மேட்சன். தோட்டா ஒரே வகையாக இருந்தால் கிடங்குக்காரனுக்குத் தலைவலி பாதி.

#6 முன்னாள்_ஹவில்தார்

வேலூர்ப் பக்கத்துக்காரன். 1978-இல் சேர்ந்து 17 வருடம் இருந்துவிட்டு வந்தேன். பின்னுதை பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன்.

எங்களுக்குப் பயிற்சி எஸ்.எல்.ஆர் என்ற பாதித் தானியங்கி ரைபிளில். ஆனால் நான் முதன்முதலில் சுட்டது கல்லூரி என்.சி.சி. முகாமில், திரீ நாட் திரீ, அதாவது பழைய பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு போல்ட் ஆக்‌ஷன். அப்போது என் எடை 48 கிலோ. சீனியர் பையன்கள் முந்தின ராத்திரியே நன்றாகப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் சட்டைக்குள் தோள் பக்கம் ஒரு ஈரிழைத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு போய்க் குப்புறப் படுத்தேன். பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் பின்னால் நடந்து வந்தவர், ஒரு வார்த்தை பேசவில்லை, குனிந்து என் காலர் வழியாகக் கையை விட்டுத் துண்டை உருவி எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்காமல் நடுவில் மெத்தை வைத்தால் துப்பாக்கிக்கு ஓடிவந்து உதைக்க இடம் கிடைக்கும் என்பது அப்புறம்தான் புரிந்தது. 5 குண்டு. மூன்று நாள் தோளில் கத்திரிக்காய் நிறம்.

அதனால் அந்த ரப்பர் பட்டையைக் கேலி செய்யாதீர்கள். கிட்டத்தட்ட நாலு கிலோ இருந்த திரீ நாட் திரீயே அப்படி. மூன்றரைச் சொச்சத்தில் அதைவிட வலுவான தோட்டா என்றால், ரப்பர் போட்டவன் சிப்பாயை நினைத்துப் பார்த்தவன்.

ஒரு திருத்தம் மட்டும். ‘கடைசி போல்ட் ஆக்‌ஷன் ராணுவ ரைபிள் மேட்சன்’ என்று பல இடங்களில் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெயர் நம் நாட்டு இஷாப்பூர் ஆலையின் ரைபிளுக்குப் போக வேண்டும்.

#7 பழைய இரும்பு

ஹவில்தார் சார், 2ஏ1-ஐத்தானே சொல்கிறீர்கள்?

#8 முன்னாள்_ஹவில்தார்

ஆமாம் தம்பி. 1962-இல் சீனாவோடு சண்டை. நம் ஆட்கள் கையில் திரீ நாட் திரீ. எதிரே பாதித் தானியங்கி. போர் முடிந்தவுடன் எஸ்.எல்.ஆர். தயாரிப்பை முடுக்கிவிட்டார்கள், ஆனால் அது ஒரே நாளில் வந்து குவியாது. தோட்டா மட்டும் 7.62 மி.மீ.-க்கு மாற ஆரம்பித்துவிட்டது. அதனால் இஷாப்பூர் ரைபிள் பேக்டரி பழைய லீ-என்ஃபீல்டின் அதே உருவத்தில், வலுவான எஃகில், 7.62-க்கு ஒரு துப்பாக்கி செய்தது. அது 2ஏ. பிறகு தூரக் குறியை 2,000 மீட்டரிலிருந்து 800 மீட்டருக்குக் குறைத்தார்கள், அது 2ஏ1. பழைய திரீ நாட் திரீயையும் இதையும் தூரத்தில் வைத்தே சொல்லிவிடலாம். இதன் மேகசின் கட்டை கட்டையாகச் சதுரமாக இருக்கும்.

காவல் டியூட்டியில் கொஞ்ச நாள் அதை வைத்திருந்தேன். ஒரு முறைகூடச் சுட வேண்டி வரவில்லை, எண்ணெய் போட்டுத் துடைத்ததுதான். போல்ட்டை இழுத்தால் வெண்ணெய் மாதிரி போகும். 1947-ஆ, 1963-ஆ, எது பிந்தி?

#9 நூலகப்பூனை

ஐயா, தேதியில் நீங்கள் சொல்வதுதான். ஆனால் 2ஏ1 புது வடிவமா? லீ-என்ஃபீல்டின் எலும்பு 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குப் புதுச் சட்டை போட்டால் புது ஆள் ஆகிவிடுமா? மேட்சன் வெறும் தாளில் தொடங்கி, யாரையும் காப்பியடிக்காமல் வரைந்தது. ‘காலாட்படைக்காக முழுதாகப் புதிதாக வடிவமைத்த கடைசி’ என்றால் மேட்சன். ‘கடைசியாகத் தயாரிப்புக்கு வந்த’ என்றால் இஷாப்பூர். ஆளுக்கு ஒன்று.

#10 முன்னாள்_ஹவில்தார்

சட்டை மாற்றினாலும் சண்டைக்குத் தயாராக நின்றது எது? மேட்சன் கிடங்கை விட்டு வெளியே வந்ததா? சரி சரி, ஆளுக்கு ஒன்று. வயதானவன் விட்டுக்கொடுக்கிறேன்.

#11 சும்மா_படிப்பவன்

யாராவது ‘யாரையும் காப்பியடிக்காமல்’ என்பதை விளக்குங்கள். போல்ட் ஆக்‌ஷன் என்றாலே கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதானே? தூக்கு, இழு, தள்ளு, சாய். இதில் புதிதாக என்ன இருக்கிறது?

#12 பழைய இரும்பு

தாழ்ப்பாள் நல்ல உவமை, அதையே வைத்துக்கொள்வோம்.

குண்டு வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு பின்பக்கம் பாயப் பார்க்கும். அதைத் தடுப்பது போல்ட். போல்ட்டைத் தடுப்பது அதில் புடைத்து நிற்கும் இரண்டு காதுகள். அவை சட்டத்தில் உள்ள பள்ளத்தில் போய் மாட்டிக்கொள்ளும். மவுசரில் இந்தக் காதுகள் போல்ட்டின் முன் நுனியில், தோட்டாவுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். லீ-என்ஃபீல்டில் பின்பக்கம். மேட்சனிலும் பின்பக்கம்.

முன்னால் வைத்தால் உறுதி. பின்னால் வைத்தால் அத்தனை விசையும் போல்ட்டின் முழு நீளத்தையும் அழுத்தும். முடியளவு சுருங்கும். தோட்டாக் கூட்டை மறுபடி மறுபடி நிரப்பிச் சுடுகிறவர்களுக்குத்தான் அது தொந்தரவு, கூடு நீண்டுபோய்ச் சீக்கிரம் கிழியும். சிப்பாய்க்கு என்ன, சுட்ட கூடு மண்ணில் கிடக்கும். அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைப்பது: போல்ட்டைப் பின்னால் இழுக்கும் தூரம் குறைவு, முன்பக்கம் சேறு போய் அடைய மூலை முடுக்கு இல்லை, தொழிற்சாலையில் உள்ளே குடைகிற வேலையும் கம்மி. எம்47-ஐ வரைந்தவர் மவுசரை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். ஏற்றுமதித் துப்பாக்கி என்றாலே மவுசரைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம்.

#13 சும்மா_படிப்பவன்

ஏற்றுமதிக்கு என்றே தனியாகத் துப்பாக்கி செய்வது வழக்கம்தானா? நான் நினைத்தது, தன் ராணுவத்துக்குச் செய்ததில் மிச்சத்தை விற்பார்கள் என்று.

#14 நூலகப்பூனை

உலகத்தில் மிகப் பெரிய துப்பாக்கி வியாபாரமே அப்படித்தான் நடந்தது. மவுசரைத் துருக்கி, அர்ஜென்டினா, சிலி, ஸ்பெயின் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் சிறு சிறு மாற்றத்தோடு தைத்துக் கொடுத்தார்கள், அந்தந்த நாட்டு முத்திரையோடு. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வாலின் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) 1890-களில் ஜெர்மனியிலிருந்து 7 மி.மீ. மவுசர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதன் பலனைப் பிரிட்டிஷ் ராணுவம் 1899-இல் அவர்களோடு போர் மூண்டபோது அனுபவித்தது.

எனக்குப் பிடித்தது சயாம் (இன்றைய தாய்லாந்து) மவுசர். சயாம் மன்னர் ஜெர்மனியிடம் போகவில்லை. டோக்கியோவில் கொய்ஷிகாவா ஆயுதச்சாலையில் செய்து வாங்கினார். பெயர் ‘வகை 46’. 46 என்பது புத்த ஆண்டு 2446, நம் கணக்கில் 1903. ஜெர்மன் வடிவம், ஜப்பான் கைவேலை, தாய் எழுத்தில் எண்கள், சட்டத்தின் மேல் ஒரு சக்கரம். திருமாலின் கையில் இருக்கும் அதே சக்கரம், அரச சின்னமாக. ஒரு தடவை படத்தில் பார்த்துவிட்டுக் கோயில் சுவரில் இருக்கிறதைத் துப்பாக்கியில் பார்க்கிறோமே என்று பத்து நிமிஷம் அசையாமல் இருந்தேன். போல்ட்டின் மேல் வழுக்கிப் போகும் ஒரு தகர மூடியும் உண்டு, மழை நாட்டுக்கு அது தேவை.

இன்னொரு பக்கம் பராகுவே. 1920-களில் ஸ்பெயினின் ஒவியெதோ தொழிற்சாலையில் செய்து வாங்கிய மவுசர்களுக்கு அவர்களுடைய சிப்பாய்களே வைத்த பட்டப்பெயர் ‘பராகுவேக்காரர்களைக் கொல்வது’. எதிரியை அல்ல! பொலிவியாவோடு 1932-இல் சாக்கோப் போர் மூண்டபோது அந்தத் துப்பாக்கிதான் கையில் இருந்தது. ஏற்றுமதிச் சரக்கு என்றால் எப்போதும் முதல் தரம் என்று நினைக்காதீர்கள்.

#15 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு நினைவூட்டல்: வாங்குவது, விற்பது, உரிமம் பற்றிய கேள்விகள் இங்கே வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வரலாறு மட்டும்.

#16 வடகடல்

வேலைக்குப் போய் வந்து பார்த்தால் இவ்வளவு. எல்லோருக்கும் நன்றி.

இரண்டு நாளாக டேனிஷில் வாசித்ததைச் சொல்லுகிறேன். இந்தக் கதைக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது.

ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இந்தத் தொழிற்சாலை அவர்களுக்காக வேலை செய்தது. இருந்த இடம் கோபன்ஹேகன் சுதந்திரத் துறைமுகம். இங்கத்தையாட்கள் ‘ரைபிள் சிண்டிகேட்’ என்றே சொல்லுவார்கள். 1944 ஜூன் 22 அன்று போப்பா என்ற எதிர்ப்பு இயக்கத்தார் உள்ளே நுழைந்து, முதலில் கையில் அகப்பட்ட ஆயுதங்களை எடுத்துக்கொண்டு, பிறகு வெடிவைத்து ஆலையைத் தகர்த்தார்கள். பதிலுக்கு ஜெர்மன் பக்கத்து ஆட்கள் டிவோலி பூங்காவுக்குள் குண்டு வைத்தார்கள். நகரத்துக்கு இரவு எட்டு மணியோடு ஊரடங்கு. டென்மார்க்கில் ஜூன் மாதம் எட்டு மணிக்கு வெயில் காய்கிறது, தெரியும்தானே. கப்பல் தளத்துத் தொழிலாளர்கள் “சாயங்காலம் வெளியே போக முடியாவிட்டால் தோட்டத்தை எப்போது பார்ப்பது?” என்று சொல்லி மத்தியானமே வேலையை விட்டு வீட்டுக்குப் போனார்கள். உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் ஊற்ற! அது பரவி, மாதக் கடைசியில் நகரம் முழுக்கப் பொது வேலைநிறுத்தமாகிவிட்டது. ஊரடங்கைத் தளர்த்த வேண்டி வந்தது.

இடிந்த ஆலையிலிருந்து மூன்று வருடத்தில் புது ரைபிள். அதை வாசித்த பிறகு எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. கணக்குத் தப்பு என்று முதல் பதிவில் எழுதினேன், இப்போது நான் அவ்வளவு உறுதியாக இல்லை. ஒரு முதலாளி இடிபாட்டில் நின்று எதைச் செய்தால் ஓடும் என்று யோசித்தால், தெரிந்த சாமானைத்தான் செய்வார்.

ஆனால் இதைக் கேளுங்கள். 1950-இல் டென்மார்க் ராணுவம் புதுத் துப்பாக்கி எடுத்தது. எது? அமெரிக்கக் கேரண்ட். எம்/50 என்று பெயர் வைத்தார்கள். 1953-இல் கிரீன்லாந்துக்கு என்று ஒரு போல்ட் ஆக்‌ஷன் எடுத்தார்கள், நாய் வண்டியில் போகிற ‘சிரியஸ்’ என்ற ரோந்துப் படைக்கு இன்றைக்கும் பேர் போன அந்த எம்/53. மேட்சனா? இல்லை. 1917-ஆம் ஆண்டு மாடல் அமெரிக்க என்ஃபீல்டு. குளிரில் உறையாது, பனிக்கரடி வந்தால் நம்பலாம் என்று. தங்கள் ஊரில் செய்த புது போல்ட் ஆக்‌ஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, முப்பத்தைந்து வருடப் பழசு!

#17 பழைய இரும்பு

வடகடல், உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. கேரண்டும் பழைய என்ஃபீல்டும் அமெரிக்கக் கிடங்கில் லட்சக்கணக்கில் சும்மா கிடந்தவை. 1949-இல் அமெரிக்கா ராணுவ உதவிச் சட்டம் கொண்டுவந்தது. நட்பு நாடு என்றால் இலவசம், அல்லது கிட்டத்தட்ட இலவசம். ஓசியில் பாதித் தானியங்கி கிடைக்கும்போது காசு கொடுத்துக் கையால் இழுக்கிற துப்பாக்கி வாங்க எவன் வருவான்? அது போக, போரில் ஜெர்மனி விட்டுப்போன கே98 மவுசர்கள் செக்கோஸ்லோவாக்கியாவில், பெல்ஜியத்தில், யூகோஸ்லாவியாவில் மலைபோல். துடைத்து, புது முத்திரை குத்தி விற்றார்கள்.

போல்ட் ஆக்‌ஷனின் காலமே முடிந்துபோனது, மேட்சன் அதைக் கவனிக்கவில்லை. என் கட்சி இதுதான்.

#18 நூலகப்பூனை

அண்ணா, பாதி ஒத்துக்கொள்கிறேன், பாதி இல்லை.

காலம் முடிந்துவிட்டது என்றால் யூகோஸ்லாவியாவின் எம்48-ஐ என்ன செய்வது? கிராகுயெவாட்ஸில் 1950-களில் புதிதாகவே செய்து தள்ளிய மவுசர் வகை அது. அதில் எம்48பிஓ என்று ஒரு கிளை. பிஓ என்றால் செர்பிய மொழியில் ‘பெஸ் ஓஸ்னாகே’, ‘அடையாளம் இல்லாமல்’. நாட்டுச் சின்னம் இல்லை, தொழிற்சாலைப் பெயர் இல்லை, மொட்டைச் சட்டம், ஒரு வரிசை எண். எகிப்து மாதிரி வாடிக்கையாளர்களுக்காக. யார் யாருக்கு விற்றார் என்று பிடிபட்ட துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்றுமதித் துப்பாக்கி என்றால் இதுவல்லவா ஏற்றுமதித் துப்பாக்கி!

அதே பத்தாண்டு, அதே போல்ட் ஆக்‌ஷன். அவர்களுக்கு ஆள் கிடைத்தது, மேட்சனுக்கு இல்லை. ஏன்? யூகோஸ்லாவியா விற்றது வெறும் இரும்பு அல்ல. எந்த அணியிலும் சேராத நாடு, கேள்வி கேட்காது, கடன் கொடுக்கும், எகிப்துக்கு நண்பன். டென்மார்க் 1949-லேயே நேட்டோவில் சேர்ந்துவிட்டது. மேட்சன் கொண்டுவந்தது நல்ல சரக்கு மட்டும், கூட ஒரு நாடு வரவில்லை. 1947-இல் துப்பாக்கி வாங்குகிறவன் தோழமையையும் சேர்த்து வாங்குகிறான்.

#19 பழைய இரும்பு

ம்... எம்48பிஓ-வை மறந்தே போனேன். ‘காலம் முடிந்துபோனது’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ‘தனியார் கம்பெனியாகத் தனியே போய் விற்கும் காலம் முடிந்துபோனது’ என்று மாற்றிக்கொள்கிறேன். சரியா?

ஆனால் மேட்சனின் சப்-மெஷின் கன் அதே வருஷங்களில் அதே லத்தீன் அமெரிக்காவில் நன்றாக விற்றது. எம்50. பெட்டியைத் திறக்கிற மாதிரி இரண்டு பாதியாகத் திறக்கும், தகட்டை அழுத்திச் செய்தது, மலிவு. பிரேசில் உரிமம் வாங்கித் தானே செய்தது. ஆகச் சரக்கு சரியாக இருந்தால் நாடு கூட வராவிட்டாலும் விற்கிறது. அதனால் நானும் பாதிதான் விட்டுக்கொடுப்பேன்.

#20 நூலகப்பூனை

சரி. பாதிக்குப் பாதி.

#21 முன்னாள்_ஹவில்தார்

வாங்கின 5,000 என்ன ஆனது, அதைச் சொல்லவே இல்லையே தம்பி?

#22 பழைய இரும்பு

பெரும்பாலானவை சிப்பாய் கைக்குப் போகவே இல்லை சார். கிடங்கில் இருந்துவிட்டு, கழித்துக்கட்டிய சரக்காக அமெரிக்கச் சந்தைக்குப் போனது. அதனால்தான் இன்றைக்கும் சேகரிப்பவர்கள் கையில் கிடைப்பது புத்தம் புதிதாக இருக்கிறது, போல்ட்டில் கீறல்கூட இருக்காது. உங்கள் 2ஏ1-உம் கடைசியில் அதே சந்தைக்குத்தான் போனது, ஆனால் அதன் கட்டையைப் பார்த்தால் தெரியும், எத்தனை பேர் தோளில் ஏறி இறங்கியது என்று.

#23 முன்னாள்_ஹவில்தார்

திரீ நாட் திரீயை உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாளில்தான் வழியனுப்பியது. பேப்பரில் படித்துவிட்டு வீட்டுக்காரியிடம் காட்டினேன். “உங்களுக்கு முன்னாடியே ரிட்டயர் ஆகியிருக்கணும்” என்றாள்.

#24 பவுண்டரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கங்க. கோயமுத்தூர். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, தம்பி அனுப்பிய இணைப்பில் வந்தேன். ஒரே ஒரு சந்தேகம். வடகடல் அண்ணா, அந்தக் கம்பெனியின் முழுப்பெயர் டான்ஸ்க் இண்டஸ்ட்ரி சிண்டிகாட்தானே? அதைச் சுருக்கினால் ‘டிசா’ வருமா?

#25 வடகடல்

வரும். கடைசியில் வரும் ஏ, ‘ஏ/எஸ்’ என்பதில் உள்ளது. நம் ‘லிமிடெட்’ மாதிரி. ஏன் கேட்கிறீர்கள்?

#26 பவுண்டரிக்காரன்

அண்ணா, எங்கள் பவுண்டரியில், அதாவது இரும்பு வார்க்கிற ஆலையில், மண் அச்சு செய்கிற மோல்டிங் லைன் டிசா. எட்டு வருஷமாக நான் நிற்பதே அதன் பக்கத்தில்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்பெல்லாம் மண் அச்சு என்றால் இரும்புப் பெட்டிக்குள் மண்ணைக் கொட்டி, இடித்து, பெட்டியோடு தூக்கி, மேல் பாதி கீழ்ப் பாதி என்று அடுக்க வேண்டும். எங்கள் அப்பா காலத்தில் பம்ப்செட் பாடிக்கு அப்படித்தான், இடுப்பு போய்விடும். இந்த இயந்திரத்தில் பெட்டியே கிடையாது. கறுப்பு மண் உள்ளே பாயும், இரண்டு பக்கமிருந்தும் அமுக்கும், ரொட்டித் துண்டு மாதிரி ஒரு கட்டி வெளியே வரும். அடுத்த கட்டி அதன் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கட்டிக்கு நடுவில் இருக்கும் பள்ளம்தான் அச்சு. ரயில் மாதிரி வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும், மேலேயிருந்து உருகின இரும்பை ஊற்றிக்கொண்டே போகலாம்.

அது அந்தத் துப்பாக்கிக் கம்பெனிதானா?

#27 வடகடல்

அதேதான். இப்போதுதான் தேடிப் பார்த்தேன், கை நடுங்குகிறது. 1957-இல் இங்கத்தைய தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யெப்பசென் என்பவரின் யோசனை அது. சிண்டிகாட் அதை வாங்கி 1960-களின் தொடக்கத்தில் இயந்திரமாக்கி இருக்கிறது. முதல் இயந்திரமே மணிக்கு 240 அச்சு. பெயர் டிசாமேட்டிக். பிறகு ஆயுதத்தை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவில் கர்நாடகத்துத் தும்கூரில் ஆலை இருக்கிறதாம்.

கவனித்தீர்களா? 1957 யோசனை, 1958 கொலம்பியா. இந்தத் துவக்கை விற்கிற நேரத்தில் மேசையின் மற்றப் பக்கத்தில் மண் அச்சு இருந்திருக்கிறது.

#28 நூலகப்பூனை

ஆலையை மூடவில்லை, சரக்கை மாற்றியிருக்கிறார்கள். இரும்பு அண்ணா, இதற்கு நம் இரண்டு பேர் கட்சியும் செல்லாது.

#29 பழைய இரும்பு

செல்லாது. பெயரில் ‘இண்டஸ்ட்ரி’ என்று இருந்ததை நான் இத்தனை வருஷம் படித்ததே இல்லை.

#30 பவுண்டரிக்காரன்

இன்று காலை ஷிப்ட். லைனை நிறுத்தி ஸ்பிரே நாசில் துடைக்கிற நேரத்தில் பெயர்ப்பலகையைத் தேடினேன். மண் படிந்து எழுத்தே தெரியவில்லை. கைத்துணியில் டீசல் தொட்டுத் தேய்த்தால் முதலில் எண், அப்புறம் அந்த நாலு எழுத்து. பக்கத்தில் நின்ற பீகார் பையன் “என்ன அண்ணா தேடறீங்க” என்றான். இந்தக் கம்பெனி முன்னே துப்பாக்கி செய்தது என்றேன். நம்பவில்லை. போனில் வடகடல் அண்ணாவின் முதல் பதிவில் இருக்கும் மெஷின் கன் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அந்த வளைஞ்ச டப்பா எதுக்கு?” என்றான். தோட்டா மேலேயிருந்து கீழே இறங்கும் என்றேன்.

“நம்ம மண்ணு மாதிரி” என்று சொல்லிவிட்டுப் போய் ஹாப்பரைத் திறந்தான்.